ஐம்பதில் ஓடிய மரியோ

சேலத்தில் நாங்கள் ஆடி வளர்ந்தது மெதுவான மரியோ வீடியோ கேம். ஜப்பானில் அதைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்த வேகத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் அது எங்கள் தெருவில் ஓடியிருக்கிறது. போன கோடை விடுமுறை வரை இது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கறை உள்ளவர்கள் நிதானமாகப் படிக்கட்டும் என்று இப்போது எழுதியே வைக்கிறேன்.

விடுமுறைக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். மகளுக்கென்று வாங்கிய நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுப் பெட்டியும் கூடவே வந்தது. சந்தா கட்டினால் அதில் பழைய விளையாட்டுகளும் கிடைக்கும். பட்டியலில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இருந்தது. 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான அதே விளையாட்டு. "அத்தை, இதுதான் நீங்களும் அப்பாவும் ஆடுனதா? ஆடிக் காட்டுங்க" என்று மருமகள் ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். பாட்டு தொடங்கியதுமே எனக்கு இடித்தது. ஸ்வரம் அதே, சுருதி அதே, காலப்பிரமாணம் மட்டும் கூடியிருந்தது. குதித்தால் மரியோ சட்டென்று தரைக்கு வந்துவிடுகிறான். ஓடினால் நான் எதிர்பார்ப்பதற்கு முன்பே குழாய் வந்து நிற்கிறது.

"ஏண்ணா, இது இவ்வளவு வேகமாவா ஓடும்?"

"எனக்கும் அதேதான் தோணுது பாப்பா. செட்டிங்ல ஏதாச்சும் மாறியிருக்கும், பாரு."

செட்டிங்கில் ஒன்றும் இல்லை. வயதாகிவிட்டது, கை மெதுவாகிவிட்டது என்றார் அண்ணி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கை மெதுவானால் ஆட்டம் கடினமாகும், சரி. பாட்டு எப்படி வேகமாகக் கேட்கும்? அன்று ராத்திரி இணையத்தில் தேட ஆரம்பித்தேன். விடை மரியோவுக்குள் இல்லை, டிவிக்குள் இருந்தது.

அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டி நேரத்தைக் கணக்கிட்டது டிவி திரையை வைத்துத்தான். திரையில் ஒரு படம் மேலிருந்து கீழ்வரை வரைந்து முடிந்ததும் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு ஒரு தட்டு விழும். தட்டு விழுந்தால் நிரல் ஒரே ஒரு அடி முன்னே போகும். மரியோவை இத்தனை புள்ளி நகர்த்து, ஆமையை இத்தனை புள்ளி நகர்த்து, பாட்டில் அடுத்த ஸ்வரத்துக்கு நேரமாகிவிட்டதா பார், அவ்வளவுதான். அப்புறம் அடுத்த தட்டு வரை காத்திருக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை வரையும். இந்தியாவில் 50 முறை. 60 தட்டுக்கென்று எழுதிய நிரலை 50 தட்டில் ஓட்டினால் நடை, குதி, பாட்டு எல்லாமே சேர்ந்து மெதுவாகும்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி நிண்டெண்டோ செய்ததில்லை. 1983-ல் வந்த ஃபாமிகாம் என்ற ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்து குவித்த நகல்களில் ஒன்று. அப்படி நகலெடுத்தவர்கள் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை வரையும் டிவி உள்ள நாடுகளுக்கென்று தனியாகச் சிப்பு செய்தார்கள். அதில் கணக்குப் போடும் வேகம் ஏறக்குறைய ஜப்பானியப் பெட்டியின் வேகம்தான். அதனால் சுருதி இறங்கவில்லை. திரையின் வேகம் மட்டும் குறைந்ததால் தாளம் மட்டும் நிதானமானது. என் காது சொன்னது சரிதான். ஐரோப்பாவிலும் 50தான், ஆனால் அங்கே விற்ற மரியோவுக்கு நிண்டெண்டோ வேகக் கணக்கைத் திருத்தி எழுதியது. எங்கள் கேசட்டில் இருந்தது திருத்தாத நகல். சேலத்துப் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து கணக்குத் திருத்த அப்போது யாரும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜ், தொடங்கும்போது மேலே வலது மூலையில் 400 என்று நேரம் இருக்கும். அது விநாடி இல்லை. 24 தட்டுக்கு ஒன்று குறையும். 60-ல் பார்த்தால் ஒரு எண் குறைய 0.4 விநாடி, 400 தீர 160 விநாடி. 50-ல் ஒரு எண்ணுக்கு 0.48 விநாடி, 400 தீர 192 விநாடி. மரியோவும் மெதுவாக ஓடுகிறான் என்பதால் தூரத்தில் எந்த லாபமும் இல்லை. லாபம் ஆடுபவருக்கு. எதிரே வருவதைப் பார்த்து விரல் அழுத்துவதற்கு ஆகும் நேரம் டோக்கியோப் பிள்ளைக்கும் சேலத்தில் எங்கள் அம்மாபேட்டைப் பிள்ளைக்கும் ஒன்றுதான். ஆனால் அம்மாபேட்டையில் எதிரி எறியும் சுத்தியல் கொஞ்சம் தாமதமாக வந்து விழுந்தது.

ஏன் இந்த 50? டிவி வந்த காலத்தில், திரையின் வேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் வேகத்தை ஒட்டி வைத்தார்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் 50. மேட்டூரில் சுழலும் ஜெனரேட்டரும் அந்த 50-க்குக் கட்டுப்பட்டதுதான். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பவர்லூம். தறி மோட்டார் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் அதே 50தான் முடிவு செய்கிறது. தறியும் டியூப் லைட்டின் ரீங்காரமும் டிவியும் மரியோவும் ஒரே எண்ணில்தான் ஓடியிருக்கின்றன. அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவேதான் நான் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கேட்கும் என்று எப்போதும் நினைப்பேன்.

கரண்ட் போனால் முதலில் தறி நிற்கும். அந்த அமைதி வந்த பிறகுதான், "எங்க வீட்டுல மட்டும் போகல, தெருவுக்கே போயிடுச்சு" என்று உறைக்கும். மரியோவில் பாதியில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அண்ணன் ஏழாம் உலகம் வரை போயிருந்தாலும் கரண்ட் வந்ததும் மறுபடி 1-1தான். ஆட்டம் முடிந்துபோனால் தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் அழுத்தினால், எந்த உலகத்தில் செத்தோமோ அந்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். இந்த வழி நிரலிலேயே இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. வந்திருந்தாலும் கரண்ட் போனதற்கு அது உதவாது, பெட்டி அணைந்தால் எல்லாம் மறந்துவிடும்.

பெட்டி வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான், மாமா பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் வாங்கித் தந்தார். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். மேலே ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது கொஞ்சம்தான், அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வந்தன. அதிலும் எங்களுக்கு வேண்டியது மரியோ ஒன்றுதான். ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் வயரைச் செருகி, டிவியின் சின்னக் கதவைத் திறந்து, பல் சக்கரம் மாதிரி இருக்கும் டியூனரை நகத்தால் திருப்பிக்கொண்டே இருந்தால் புள்ளி மழைக்கு நடுவே அந்தத் தலைப்பு தெரியும். அந்த ஒரு கணத்துக்காகவே அப்பா வெளியூர் போகட்டும் என்று காத்திருப்போம்.

இரண்டு பேர் ஆடலாம் என்று போட்டிருக்கும். சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆள் மரியோ, அவன் சாகும் வரை இரண்டாம் ஆள் லூயிஜி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணன் மரியோ, நான் லூயிஜி. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிப்போனது. அண்ணன் நன்றாக ஆடுவான். அதனால் நான் ஆடியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். பார்த்துக்கொண்டே இருப்பவளுக்குத் தெரியும் விஷயங்கள் வேறு. ஆடுகிறவன் கண் மரியோவுக்கு இரண்டு கட்டம் முன்னால் இருக்கும். என் கண் திரை முழுக்கச் சுற்றும். எந்த ஆமை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தச் செங்கலில் நட்சத்திரம், எந்தக் குழாய்க்குள் இறங்க முடியும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். "இப்ப குதிண்ணா" என்று சொல்வேன், அவன் குதிப்பான். அந்த 'இப்ப'வும் 50-ல் கற்றுக்கொண்ட 'இப்ப'தான்.

இப்போது திரும்ப ஆடும்போது 1-1 ஒன்றிலேயே நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். வேறு எந்த விளையாட்டின் முதல் ஸ்டேஜும் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டை உருவாக்கிய மியாமோட்டோ ஷிகெருவும் தெசுகா தகாஷியும் மற்ற ஸ்டேஜ்களைச் செய்து முடிக்கும் நேரத்தில்தான் இதை அமைத்தார்கள் என்று மியாமோட்டோவே ஒரு பேட்டியில் விளக்கியிருக்கிறார். ஆடத் தெரியாதவனுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது கடைசியில்தானே தெளிவாகும்? மரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலது பக்கம் வெட்டவெளி. போக வேண்டிய திசை சொல்லாமலே தெரிகிறது. கொஞ்சம் நடந்தால் பழுப்பு நிறத்தில் ஒன்று முறைத்துக்கொண்டு எதிரே வருகிறது. தொட்டால் சாவு. ஸ்டேஜ் தொடங்கிச் சில நொடிதான் ஆகியிருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. அடுத்த முறை தாண்டுவோம், அல்லது தவறி அதன் தலையில் விழுவோம். தலையில் விழுந்தால் அது நசுங்கும் என்று அப்படித்தான் தெரியவரும்.

அடுத்தது காளான். கேள்விக்குறி போட்ட கட்டத்தை முட்டினால் காளான் வெளியே வந்து வலது பக்கம் நகர்கிறது. எதிரியைப் பார்த்துப் பயந்த பிள்ளை இதையும் பார்த்துப் பயந்து ஒதுங்கும். ஆனால் ஒதுங்க விடமாட்டார்கள். காளான் கீழே விழுந்து, குழாயில் மோதி, திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. மேலே செங்கல் வரிசை இருப்பதால் குதித்துத் தப்பவும் இடம் கொஞ்சம்தான். மோதினால் மரியோ பெரிதாகிறான். பயந்தது நல்லதாக முடிந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் விளையாட்டின் கையேடு கிடையாது, இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டோம். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் அம்மா ஒரு நாள் ரிமோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. காளான் திரும்பி வந்து அவரிடமே சேர்ந்தது.

அதே ஸ்டேஜின் கடைசிப் பகுதியில் படிக்கட்டு இரண்டு ஜோடி வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கிறது. தவறி விழுந்தால் ஏறி மறுபடி குதிக்கலாம். அடுத்த ஜோடி அச்சு அசலாக அதே மாதிரி, நடுவே மட்டும் பள்ளம். சின்ன வயதில் இதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். இப்போது நிறுத்திப் பார்க்கும்போது, ஆபத்தில்லாமல் ஒத்திகை பார்க்க வைத்துவிட்டு அப்புறம் நிஜத்தில் குதிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்து மனம் நிறைந்துபோனது. முகம் தெரியாத பிள்ளை மேல் இவ்வளவு அக்கறை.

குதிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டமே அதுதான். பட்டனைத் தட்டிவிட்டால் சின்னக் குதி. அழுத்திப் பிடித்திருந்தால் பெரிய குதி. உள்ளே நடப்பது எளிமையானது. பட்டன் அழுத்தியிருக்கும் வரை, மரியோ மேலே போகும்போது, ஈர்ப்பு குறைவாக இருக்கும். விட்டதும் கூடிவிடும். ஓடிவந்து குதித்தால் உயரமும் அதிகம். காற்றில் இருக்கும்போதும் கொஞ்சம் பின்னால் இழுக்கலாம். நிஜத்தில் யாரும் அப்படிக் குதிக்க முடியாது. ஆனால் ஆடும்போது நிஜம் என்றுதான் உடம்பு நம்புகிறது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் அவரும் தோளைச் சாய்ப்பார். 50-லும் 60-லும் குதியின் உயரம் ஒன்றுதான், புள்ளிக் கணக்கு மாறாது. காற்றில் தங்கும் நேரம்தான் மாறும். நான் பழகிய மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக, அதனால் கொஞ்சம் அதிக நேரம் காற்றில் இருந்தான். ஸ்விட்சில் ஆடியபோது என் கட்டைவிரல் தேடியது அந்த நேரத்தைத்தான்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது கருப்பு வெள்ளை டிவி. மரியோவின் தொப்பி சிவப்பு, வானம் நீலம் என்பதெல்லாம் பெரியப்பா வீட்டில்தான் பார்த்தேன். கருப்பு வெள்ளையில் ஆடியதால் நிறத்தைவிட வடிவம் நன்றாக மனதில் பதிந்தது. மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே வடிவம் என்று எனக்கு அப்போதே தெரியும். பின்னால் படித்தால், அது உண்மைதான். ஒரே படத்தை மேலே வெள்ளையிலும் கீழே பச்சையிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கேசட்டில் மொத்த இடம் 40 கிலோபைட். அதற்குள் 32 ஸ்டேஜும் படங்களும் பாட்டும் அடங்க வேண்டும்.

எப்படி அடக்கினார்கள் என்று புரிந்துகொள்ள எனக்குப் பக்கத்துத் தறி வீடு போதும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை குத்திய அட்டைகள் கோத்துச் சங்கிலியாகத் தொங்கும். எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அட்டையில் இருக்கும் ஓட்டை சொல்லும். சங்கிலி ஒரு சுற்று வந்ததும் அதே மாங்காய், அதே மயில் திரும்ப வரும். அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு ஊடை நூலின் நிறத்தை மட்டும் மாற்றினால் வேறு சேலை. மரியோவின் பின்னணியும் அப்படித்தான். குன்று, புதர், மேகம் எல்லாம் மூன்று திரைக்கு ஒருமுறை திரும்பி வரும். பூமிக்கு அடியில் போனால் அதே எதிரிதான், நிறம் மட்டும் வேறு. குழாய், செங்கல், பள்ளம் போன்றவற்றை வரைந்து சேமிக்கவில்லை. எந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பதைப் பொருளுக்கு இரண்டு பைட் வீதம் குறித்து வைத்திருக்கிறார்கள். திரை நகர நகர நிரல் அந்தக் குறிப்பைப் படித்து வலது ஓரத்தில் நெய்துகொண்டே போகிறது. இடது பக்கம் போனது போனதுதான், திரும்பிப் போக முடியாது. ரகசியக் குழாயைத் தவறவிட்டுத் தாண்டிவிட்டால் எனக்கு அழுகையே வரும்.

ரகசியங்கள் எப்படி எங்கள் ஊருக்கு வந்தன என்பதுதான் இன்றும் ஆச்சரியம். இணையம் கிடையாது, இந்த விளையாட்டைப் பற்றிப் பத்திரிகை எதுவும் எங்கள் கைக்கு வந்ததில்லை. ஆனால் 1-2-ல் செங்கல் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நாலாம் உலகத்துக்குக் குழாய் இருக்கிறது என்பது அம்மாபேட்டையில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். 4-2-ல் செடிக்கொடி ஏறிப் போனால் நேராக எட்டாம் உலகம் என்பது சேலத்திலேயே குகை என்ற பகுதியிலிருந்து வந்த செய்தி. ஆடி மாதம் குகையில் வண்டி வேடிக்கை பார்க்கப் போனபோது சித்தப்பா மகன் சொன்னான், அதுவரைக்கும் எங்களுக்கு அந்தக் கொடி இருப்பதே தெரியாது. 3-1-ன் கடைசிப் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையைச் சரியான படியில் மிதித்தால், ஓடு சுவரில் முட்டித் திரும்பத் திரும்பக் காலுக்கடியிலேயே வரும், லைஃப் ஏறிக்கொண்டே போகும். ஒரு அளவுக்கு மேல் ஏற்றினால் அடுத்த சாவிலேயே ஆட்டம் முடிந்துவிடும் என்றும் சொல்வார்கள். எல்லை மீறினால் எண்ணிக்கை கழித்தல் பக்கம் போய்விடும் என்பதுதான் காரணம், இப்போதுதான் படித்தேன். ஸ்டேஜ் முடிவில் நிற்கும் கொடிமரத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி எண் 1, 3, 6 ஆக இருந்தால் அத்தனை வாணவெடி. இதை மட்டும் நாங்களே கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தவள் நான். ஆடாமல் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

தண்ணீருக்குள் முடிவே இல்லாத ஒரு ஸ்டேஜ் இருக்கிறது என்று தட்டு வடை செட் கடையில் ஒரு பையன் அடித்துச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அது நிஜம். 1-2-ன் கடைசியில், சுவருக்குள் புகுந்து, குழாய் அறையில் எழுத்து வருவதற்கு முன்னாலேயே முதல் குழாயில் இறங்கினால் 'உலகம் -1' என்று காட்டும். உண்மையில் அது 36-ம் உலகம். 36 என்ற எண்ணுக்கு உரிய இடத்தில் வெற்றுக் கட்டம் இருப்பதால் எண் தெரியாமல் கோடும் ஒன்றும் மட்டும் தெரிகிறது. உள்ளே நீந்திக்கொண்டே இருக்கலாம், கடைசிக் குழாயில் புகுந்தால் மறுபடி தொடக்கத்துக்கே வரும். அந்தப் பையன் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், நீ சொன்னது அத்தனையும் சரி.

ஒவ்வொரு உலகத்தின் நாலாவது ஸ்டேஜும் கோட்டை. கடைசியில் நெருப்பு கக்கும் பவுசர் நிற்கும், எங்களுக்கு அது டிராகன். பாலத்தின் அந்தப் பக்கம் இருக்கும் கோடாரியைத் தொட்டால் பாலம் அறுந்து டிராகன் விழும். அப்புறம் காளான் தலை வைத்த ஒருவர் நின்றுகொண்டு இங்கிலீஷில் ஏதோ சொல்வார். எதிர்வீட்டு அக்கா காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். "நன்றி மரியோ, ஆனா எங்க இளவரசி வேற கோட்டையில இருக்காங்க." தெரு முழுக்க வருத்தம். அடுத்த கோட்டையிலும் அதே வாசகம் வரும் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அக்காவைக் கூப்பிட்டோம். ஏழு கோட்டைக்கும் அதே வாசகம்தான். கோடாரியை விட்டுவிட்டு நெருப்புப் பந்தால் ஐந்து முறை அடித்தால், முதல் ஏழு கோட்டையில் இருப்பதும் போலி டிராகன் என்று தெரியும். முதல் கோட்டையில் இருப்பது, 1-1-ல் முறைத்துக்கொண்டு வந்த அந்தப் பழுப்பு எதிரிதான், வேஷம் போட்டு நிற்கிறது. எங்களுக்கு அதுவரை நெருப்பு மிஞ்சியதே இல்லை, இந்தக் கோடையில்தான் முதல்முறை பார்த்தேன்.

விளையாட்டு முழுக்க நல்லது என்று நான் சொல்லவரவில்லை. 7-4 எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை. மேலே போவதா கீழே போவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும், எது சரி என்பதற்குத் திரையில் ஒரு அடையாளமும் கிடையாது. 1-1-ல் அவ்வளவு கருணையோடு சொல்லிக்கொடுத்தவர்கள் இங்கே கைவிட்டுவிட்டார்கள். 8-4-ம் புதிர்க்கோட்டைதான், ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதுவரை கற்ற எல்லாம், கண்ணுக்குத் தெரியாத கட்டம், நீச்சல், சுத்தியல் எறிபவன், எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கும். 8-3-ல் ஜோடி ஜோடியாகச் சுத்தியல் எறிபவர்கள் வரும் இடம்தான் 60-ல் எங்கள் இருவரையும் நிறுத்தியது. அண்ணன் சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய இடம்.

அதனால்தான் விடாமல் தேடினேன். கணினியில் பழைய பெட்டிகளை அப்படியே நடித்துக் காட்டும் எமுலேட்டர்கள் சிலவற்றில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'டெண்டி' என்று ஒன்று இருக்கிறது. டெண்டி என்பது 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டி. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான், அங்கேயும் நம் மாதிரியே மெதுவான மரியோவோடு ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் தங்கள் வேகத்தை மறக்காமல் அதற்கென்று ஒரு அமைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். டெண்டி என்று மாற்றி, மடிக்கணினியை டிவியில் மாட்டினேன். பாட்டின் முதல் வரி வந்ததும் சமையலறையிலிருந்து அம்மா, "இதுதான் சரியா இருக்கு" என்றார். நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவே இல்லை. அண்ணன் 8-3-ஐ முடித்தான். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை, "இழுக்குது அத்தை" என்று ஸ்விட்சுக்கே போய்விட்டாள். அவள் வேகம் அது, அதில் அவள் எங்களைவிட நன்றாக ஆடுகிறாள்.

எங்கள் பெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. குகையில் சித்தப்பா மகன் வீட்டுப் பரணில் அவனுடையது இருந்தது. பழைய டிவியில் மாட்டி, ஊதிப் போட்டால் கேசட்டும் ஓடியது. 1-1 தொடங்கியதும் மரியோவை நகர்த்தாமல் விட்டுவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, நேரம் 400-லிருந்து 300-க்கு வர எவ்வளவு ஆகிறது என்று பார்த்தோம். 48 விநாடி. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால் இதைச் செய்து பாருங்கள், தொடக்கத்தில் அசையாமல் நின்றால் எதிரி யாரும் வரமாட்டார்கள். 40 வந்தால் உங்களுடையது 60-ல் ஓடும் பெட்டி. 48 வந்தால் நீங்களும் எங்களோடு 50-ல் ஆடியவர்கள்தான். எந்த ஊர், என்ன பெட்டி என்று எனக்கும் சொல்லுங்கள். ஈரோட்டிலும் தருமபுரியிலும் எது ஓடியது என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.